மாமாவைத் தவறவிட்ட பெட்டி

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நாளைக்குப் பிறகு அதற்கு நான் உத்தரவாதம் இல்லை. நீ ஆசையாக அனுப்பிய டிவி ரெக்கார்டர் குடும்பத்தில் குண்டு வைத்துவிட்டது.

உன் அப்பா வினாடி வினாவில் கலந்துகொண்டார் இல்லையா? ஜெயித்தாரா தோற்றாரா என்று டிவியில் வரும்வரை மூச்சுவிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், விதியை மீறுவாரா? அத்தையிடம்கூட வாயைத் திறக்கவில்லை. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. எனக்கு ஆபீஸ், உன் அக்காவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, நம்ம வீட்டு வாலு, என் மகளுக்கு டியூஷன், மறு ஒளிபரப்பும் கிடையாதாம். பெட்டிதான் இருக்கிறதே என்று தைரியமாகக் கிளம்பினோம். அந்தப் பெட்டியோ இங்கே வந்தும் உன் ஊர் நேரத்தை விடாமல், ஆறு மணி நிகழ்ச்சியை ஏழு என்று காட்டியது. நான் சும்மா இருப்பேனா? ரெக்கார்டிங்கை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து வைத்தேன். எனக்குத் தெரியாமல் உன் அக்கா செட்டிங்ஸுக்குள் புகுந்து அதே ரெக்கார்டிங்கை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருக்கிறாள். எங்கள் இருவரையும் நம்பாத வாலு தன் பங்குக்கு இன்னொரு மணி நேரத்தை வெட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஆவலாகப் போட்டுப் பார்த்தால், மாமா இருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தர் கழிவுநீர்த் தொட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார்! மாமா வருவார், வருவார் என்று கடைசிவரை பார்த்தோம். அந்தத் தொட்டிக்காரர்தான் தொட்டியைக் கழுவி மூடிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து மாமா போன். "பார்த்தீங்களா?"

"பார்த்தோம்ப்பா! அசத்திட்டீங்க!" என்றாள் உன் அக்கா. "சூப்பர் மாமா!" என்று நானும் ஒத்து ஊதினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "நாளைக்கு நேர்ல வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐயோ மச்சான்! தோத்தவரைப் போய் அசத்திட்டீங்கன்னு சொல்லியிருந்தா, இனிமே நம்ம வாசப்படி மிதிப்பாரா மனுஷன்? ஜெயிச்சிருந்தா ஏன் பேசலை? நாளைக்கு மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கறதா, துக்கமா வச்சுக்கறதா? கண்ணாடி முன்னால ரெண்டையும் பழகிட்டிருக்கேன். "எதுக்கு மெனக்கெடறீங்க? ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு"ங்கறா உன் அக்கா. மரியாதையா இந்தப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கோ.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், மிச்சமிருந்தால் உனக்கும்.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அத்தான்

பின்குறிப்பு: பொழுது விடிந்து கவரை ஒட்டுவதற்குள் மாமா வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கேலியா பண்றே? என்னத்தம்மா அசத்தினேன்?" உன் அக்கா அழுதுகொண்டே உண்மையைக் கொட்டிவிட்டாள். மாமா சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, "நிஜமாவே யாரும் பார்க்கலையா மாப்பிள்ளை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் கேள்வியிலேயே அவுட்டாம்! இங்கே மதியம் பன்னிரண்டு என்றால் அங்கே மணி என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது உன் ஊரைத்தான். காலமெல்லாம் கடிகாரம் பார்த்துக் கொடி காட்டியவர், கூட்டுவதற்குப் பதில் கழித்துப் பதினொன்று என்றாராம். ஆகவே பெட்டி இங்கேயே இருக்கட்டும். தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார் மாமா. அனுப்பும்போது நேரத்தைச் சரிசெய்து தொலைத்துவிடாதே.