மேல்கோட்டு தொங்கும் வீடு

இனிமேல் மனிதக் குரலே கேட்காத வீட்டில்தான் குடியிருப்பேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நார்மன் அறிவித்தார். வாய் நிறைய வறுத்த உருளைக்கிழங்கு. அறிவிப்பு சரியாக வரவில்லை. விழுங்கிவிட்டு மறுபடியும் அறிவித்தார்.

"சரி," என்றாள் டோரீன். "கிரேவி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

இதுதான் நார்மனுக்குப் பிடிக்காது. ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறான், எங்கே என்றாவது கேட்க வேண்டாமா?

சண்டை டிராம்போனால் வந்தது. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஒரு பித்தளை வாத்திய பேண்டில் முப்பது வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஊதுகிறவர் நார்மன். எல்லோரும் ஊதும்போது ஊதுவார், எல்லோரும் நிறுத்திய பிறகு நிறுத்துவார். இந்த வருஷப் போட்டியில் தனியாக ஊத வேண்டியவருக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாய்ப்பு நார்மனுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. பயிற்சி வேண்டாமா? ஆறு மணிக்கு மேல் வீட்டில் ஊதக் கூடாது என்பது டோரீன் போட்ட சட்டம். ஆறுக்கு முன்னால் ஊதினால் அவளுக்குத் தலைவலி.

"உன் சித்தி வீட்டுக்குப் போறேன்," என்றார் நார்மன். "சும்மாதானே பூட்டிக் கெடக்கு."

டோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எட்னா சித்தி இடுப்பெலும்பு முறிந்து, போன குளிர்காலத்திலிருந்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். யார் போய்ப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "என்னை எப்ப என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" மாடிப்படிக்குக் கைப்பிடி, படுக்கையறைச் சுவரின் ஓதத்துக்கு ஒரு வழி, கூட இருக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்தால் அனுப்புகிறோம் என்று இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். டோரீன் கேட்கும்போதெல்லாம் நார்மன் "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யும். யார்க்‌ஷையரில் மழைக்கா பஞ்சம்?

"போயேன்," என்றாள் டோரீன். "தாராளமாப் போ."

அன்று சாயங்காலம் நார்மன் பக்கத்து வீட்டு ஆல்ஃபிடம் வேலியோரம் நின்று பெருமையடித்தார்.

"வாடகை?" என்றார் ஆல்ஃப்.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு என்னய்யா வாடகை?"

"கவுன்சிலுக்குக் கட்டற வீட்டு வரி?"

"ஒரு பென்னி கெடையாது. சித்தி இல்லத்துல இருக்கா. வீடு காலி. அந்த மாதிரி காலி வீட்டுக்கு வரி இல்ல."

"நீ உள்ள இருந்தா அது எப்படிப்பா காலி வீடு?"

"நான் எங்க அங்க குடியிருக்கேன்? தூங்குவேன், ஊதுவேன், காலையில டீ போட்டுக்குவேன். அவ்வளவுதான். குடியிருக்கறது இங்க, டோரீன்கூட."

ஆல்ஃப் தலையைச் சொறிந்தார். "பெரிய ஆளுதான்யா நீ."

வேலிக்கு இந்தப் பக்கம் டோரீன் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத டோரீனைக் கண்டு பயப்பட வேண்டும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நார்மனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையே, என்ன செய்ய?

பெட்டியை அவளே கட்டிக் கொடுத்தாள். குளிர்கால மேல்கோட்டு, சவர சாமான், வீட்டுச் செருப்பு, ரத்த அழுத்த மாத்திரை, பேண்டு சீருடை. கடைசியில் சுவரில் மாட்டியிருந்த அவர் அம்மா படம்கூட.

"இதெல்லாம் எதுக்கு டோரீன்? கொஞ்ச நாளைக்குத்தானே?"

"உனக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. டாக்டர்கிட்ட அந்த விலாசத்தைக் குடுத்துட்டேன். உன் தபாலெல்லாம் இனிமே அங்கதான் வரும்."

நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டியை விட்டா பிரிந்து போகிறோம் என்று நினைத்துக்கொண்டே போனார். இரண்டு தெரு தள்ளிப் போனார்.

முதல் வாரம் ராஜவாழ்க்கை. பொழுதுக்கும் டோஸ்ட்டும் பீன்ஸும்தான். இஷ்டத்துக்கு ஊதினார். பிறகு, ஈரச் சுவரோரம் படுத்து இருமல் பிடித்தது. ஊதுகிறவனுக்கு இருமல் வந்தால் என்ன ஆகும்? சுவரைச் சுரண்டி, காயவைத்து, புதிதாகப் பூசினார். படியில் ஒருநாள் வழுக்கி நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கினார். மறுநாளே கைப்பிடி போட்டார், நல்ல தேக்குக் கட்டையில். தன் உடம்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியுமா?

எல்லாம் சரியானதும்தான் ஒன்று உறைத்தது. ஊதி முடித்தால் யாருமே திட்டவில்லை. முன்பெல்லாம் அபஸ்வரம் விழுந்தால் அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரம் ணங்கென்று விழும். இப்போது நன்றாக ஊதினாரா, மோசமாக ஊதினாரா என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமும் தான் யாருக்காக ஊதிக்கொண்டிருந்தோம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க டோரீன் ஞாபகம்தான் வந்தது. போதாததற்கு, பல் பிடுங்கியவருக்கு வாய் ஆறிவிட்டது, தனி வாசிப்பு திரும்ப அவருக்கே போய்விட்டது என்று பேண்டிலிருந்து சேதி வந்தது.

போய்விடலாம், ஆனால் எந்த முகத்தோடு போவது? இந்த யோசனையில் இருக்கும்போதுதான் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள்.

"நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா, சார்?"

"சேச்சே! வீடு என் மனைவியோட சித்தியுது. நான் சும்மா வந்து போறவன்."

"ராத்திரி எங்க தூங்கறீங்க?"

"இங்க. ஆனா மனசு அங்க."

"மனசுக்கு நாங்க வரி போடறதில்ல, சார்," என்றாள் அந்தப் பெண். பார்வை வாசலோரக் கொக்கிக்குப் போனது. "அந்த மேல்கோட்டு யாரோடது?"

"என்னோடது."

"தபால் எங்க வருது?"

நார்மன் காலடியில் கிடந்த தபால்களை நைசாகச் செருப்பால் தள்ளினார்.

"டாக்டர்கிட்ட எந்த விலாசம் குடுத்திருக்கீங்க? சுவர்ல இருக்கறது யாரு, உங்க அம்மாவா? முகம் அப்படியே இருக்கு." நார்மன் நகர்ந்து படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "வாடகை குடுத்தாலும் குடுக்காட்டியும், சொந்தக்காரங்க வீடா இருந்தாலும், அங்க குடியிருக்கறவங்கதான் வரி கட்டணும், சார். இனிமே இது காலி வீடு இல்ல."

நார்மன் போனை எடுத்தார்.

"டோரீன், கவுன்சில்ல இருந்து வந்திருக்காங்க. நான் உன்கூடத்தான் குடியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"

"நான்தானே அவங்களுக்குச் சொன்னதே. நீ போய்ட்ட, நான் தனியா இருக்கேன்னு. தனி ஆளா இருந்தா வரியில கால்வாசி கழிக்கறாங்க."

"அடிப்பாவி!"

"உண்மையைத்தானே சொன்னேன்? வேணும்னா இங்க வந்து தேடிச் சொல்லு, உன் சாமான் ஒண்ணாவது இந்த வீட்டுல இருக்கான்னு."

தேட வேண்டியதில்லை. பெட்டி கட்டும்போது உதவிக்கு நின்றதே அவர்தான். வந்தவளிடம் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அவள் போன பிறகு ஒரு டீ போட்டு, அதைக் குடிக்காமலே ஆறவிட்டார். ரோஷமாவது மண்ணாவது, சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதான். கோட்டு, செருப்பு, மாத்திரை, அம்மா எல்லாம் பெட்டிக்குள் போயின.

சனிக்கிழமை பெட்டியும் டிராம்போனுமாக வாசற்கதவைத் திறந்தால், எதிரே டாக்ஸி நிற்கிறது. டோரீன் கைத்தாங்கலாக எட்னா சித்தியை இறக்குகிறாள்.

சித்தி வாசலில் நிற்கவே இல்லை. நேரே உள்ளே போனாள். படியடியில் நின்று புதுக் கைப்பிடியைத் தடவினாள். ஒரு படி ஏறினாள். நின்றாள். இன்னொரு படி. மேலே போய்ச் சேர்ந்து, படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "காஞ்சிருக்கு, டோரீன்! சுவர் காஞ்சிருக்குடி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

கீழே நின்ற நார்மன் கைப்பிடியைப் பார்த்தார். ஒரு கட்டை, ஒரு வாளிப் பூச்சு. இதைச் செய்ய ஒரு வருஷம் ஓட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. டோரீன் இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் டிராம்போனைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்ஃப் சொன்ன மாதிரியே நல்லாப் பண்ணியிருக்க, நார்மன்."

"என்னை மன்னிச்சிடு, டோரீன். முன்னாடியே பண்ணியிருக்கணும்." மூக்கை உறிஞ்சினார். "ஆமா, சித்திகூட இருக்க ஓர் ஆள் வேணும்னு கேட்டாங்களே? யாரைச் சொன்ன?"

டோரீன் அவர் கையிலிருந்த பெட்டியை மெல்ல வாங்கினாள். மேல்கோட்டை எடுத்து உதறி, பழைய கொக்கியிலேயே மாட்டினாள். அதற்குள் மாடியிலிருந்து சித்தியின் குரல் வந்தது: "அந்தக் குழாயை ஆறு மணிக்கு மேல ஊதக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லிடு!"

நார்மன் மாடியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அப்ப நான் எப்பத்தான் வீட்டுக்கு வர்றது, டோரீன்?"

"நீ வீட்டுலதானே இருக்க, நார்மன்," என்றாள் டோரீன். "கவுன்சிலே சொல்லிடுச்சே."