மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பூச்சு

சட்டத்தை மதிக்கும் தரை உலகில் ஒன்று உண்டென்றால், அது நான் முட்டை பொரிக்கும் உணவகத்தின் தரைதான். இரண்டு மாநிலங்களின் எல்லை அதன் நடுவே ஓடுகிறது. அடையாளத்துக்கு மஞ்சள் கோடு. கிழக்கே சிவப்புக் கட்சி ஆட்சி. இடுப்பில் துப்பாக்கி இல்லாதவனைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மேற்கே நீலக் கட்சி. அனுமதி இல்லாமல் துப்பாக்கியைத் தொடக்கூடாது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒழுக்கசீலர்கள். கழிப்பறை மேற்கே இருப்பதால், துப்பாக்கியைக் கழற்றிக் கிழக்கு மேசையில் கெச்சப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

பரிமாறும் வெர்னாவுக்கு மட்டும் இந்த நாகரிகம் புரியவில்லை. அவளைச் சுடுவேன் என்று மிரட்டிய முன்னாள் கணவன் டேலின் துப்பாக்கிகளை மேற்கு நீதிபதி பறித்துக்கொண்டார். டேலும் சட்டத்தை மதிப்பவன். கிழக்கே போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டான். தினமும் மதியம் கோட்டுக்கு ஒரு சாண் கிழக்கே உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவள் இரு பக்கத்துக் காவல் தலைவர்களான ஷெரீப்கள் இருவரையும் அழைத்தாள். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு டோனட்டுடன், 'கூட்டு ஆலோசனை' தொடங்கியது.

"அவன் எந்தப் பக்கம்மா உட்கார்ந்திருக்கான்?" என்றார் மேற்கு ஷெரீப் ஹாஸ்கின்ஸ்.

"அந்தப் பக்கம். ஒரு சாண் தள்ளி."

"அப்போ நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கிழக்கு ஷெரீப் ப்ரூவர் மீசையிலிருந்த சர்க்கரையைத் துடைத்தார். "எங்க பக்கம் அது அவன் உரிமை. இதுவரைக்கும் சுட்டானா?"

"சுட்டப்புறம் நான் எப்படி வந்து சொல்றது?"

"அவசரப்படாத வெர்னா."

"குண்டு கோட்டுகிட்ட நின்னு அனுமதி கேக்குமா ஷெரீப்?"

"நக்கல் வேண்டாம். அதுக்கும் விதி இருக்கு," என்றார் ஹாஸ்கின்ஸ். "விழுந்தவங்க தலை எந்தப் பக்கமோ, வழக்கு அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம் விழணும்னு இப்பவே சொல்லிடுங்க. தலையைத் திருப்பி வச்சுக்கறேன்."

இருவரும் அதைத் தீவிரமாக விவாதித்தார்கள். கடைசியில் ஒருமனதாக ஒரு நடவடிக்கை எடுத்தார்கள்: கோடு மங்கிவிட்டது, புதுப் பூச்சு வேண்டும். மண்டியிட்டு அவர்களே பூசினார்கள், கோட்டின் அகலத்தில் ஆளுக்குப் பாதி. 'உரிமை காக்கப்பட்டது' என்றார் ப்ரூவர். 'பாதுகாப்பு பலப்பட்டது' என்றார் ஹாஸ்கின்ஸ்.

டேல் காலிக் குவளையை மேசையில் தட்டினான். அவன் துப்பாக்கி உறையின் பட்டி அவிழ்ந்திருந்தது. வெர்னா என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன். அவள் காபிக் குடுவையோடு அவனை நோக்கி நடந்தாள்.

"நில்லு வெர்னா!"

இரண்டு ஷெரீப்களும் ஒரே குரலில் கத்தினார்கள். இரு மாநிலங்களும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். அவள் நின்றாள். முகத்தில் உயிர் வந்தது.

"பெயின்ட் காயல. மிதிக்காம தாண்டிப் போ."