காளைக்கு நாள் குறித்த செப்புக்குண்டு

காளைப் பண்ணையில் அன்று எள் விழ இடமில்லை. ஊசல் மகான் வந்திருந்தார்! கயிற்றில் தொங்கும் செப்புக்குண்டை விந்துக் குப்பிக்கு மேலே பிடிப்பார். குண்டு சுற்றினால் வீரியம், நின்றால் மலடு. கயிற்றைப் பிடித்த விரல் அசைவதை ஒருவரும் பார்க்கவில்லை. பக்தியில் கண்ணை மூடிக்கொண்டால் எப்படித் தெரியும்?

பத்து வருடமாக அங்கே நுண்ணோக்கியில் விந்து பரிசோதிப்பவளுக்கு வயிறு எரிந்தது. முரடன் என்ற காளை மலடாம். மறுநாள் கசாப்புக்காம். உத்தரவு போட்டவர் பண்ணைத் தலைவி, அதாவது அவளுடைய மாமியார்.

"அத்தை, நேத்துதான் பார்த்தேன். நூத்துக்கு எழுபது விந்தணு நேரா நீந்துது."

"உன் மிஷின் தப்பாக் காட்டும்டி. குண்டு காட்டாது."

"அப்ப குண்டையே சோதிச்சுப் பாத்துடலாம்."

ஆறு குப்பிகள் வைத்தாள். எல்லாம் வெள்ளையாக, மூடியுடன், எண் ஒட்டி. எதில் என்ன என்று எழுதிய சீட்டை மடித்து மாமியார் கையில் கொடுத்தாள்.

ஒன்றாம் குப்பிமேல் குண்டு ராட்டினமாகச் சுழன்றது. "சிங்கம்! இதுக்குப் பொறக்கற கன்னு குடம் குடமா கறக்கும்!" என்றார் மகான். கூட்டம் கும்பிட்டது. நான்காவதில் குண்டு நின்றது. "செத்த தண்ணி."

ஆறும் முடிந்ததும் மாமியார் சீட்டைப் பிரித்தார். முகம் கோணியது.

"ஒண்ணு... டீக்கு வாங்கின பாலா?"

"ஆமா அத்தை. நாலு, முரடனோடது. ஆறுல மூணு பால், மூணு முரடனோடது. முரடனோட மூணு குப்பில ரெண்டு மலடாம், ஒண்ணு வீரியமாம். ஒரே காளை!"

"பாலுக்கு வீரியம்னா, நான் காலையில குடிச்ச டீ?" என்று பதறினார் ஒரு மாட்டுக்காரர்.

இளஞ்சூடான கண்ணாடித் தகட்டில் நான்காம் குப்பியின் துளியை வைத்தாள். மாமியார் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"அடியாத்தீ! பஸ் கிளம்பிடுச்சுன்னா ஓடற மாதிரி ஓடுதுங்களே!"

அடுத்து ஒன்றாம் குப்பி. கொழுப்பு உருண்டைகள் சும்மா மிதந்தன. ஒன்றுக்கும் வால் இல்லை.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல நின்னா குண்டு கோவிச்சுக்கும்" என்று முனகினார் மகான்.

"இதுங்க கோவிச்சுக்கலையே ஐயா. யார் பார்த்தாலும் நீந்துது!" என்று நுண்ணோக்கியைக் காட்டினாள் அவள்.

மகான் தொழுவத்து வழியாக நழுவப் பார்த்தார். முரடன் கொம்பைத் தாழ்த்தியது. அவர் வேலியைத் தாண்டிய வேகத்தை அவள் எந்த நுண்ணோக்கியிலும் பார்த்ததில்லை.

மாமியார் கசாப்பு உத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

கொம்பு இருக்கிற காளை, வேண்டிய நேரத்தில் அதைப் பயன்படுத்தியது. மூளை இருக்கிற மகாஜனங்களே, உங்களுக்கு அந்த நேரம் எப்போது வரும்?