லூசி அத்தையின் இடது கண்

அரைகுறைப் படிப்பு ஒரு பெண்ணை என்னென்ன செய்ய வைக்கும் என்று யாராவது விசாரித்தால், முதல் சாட்சியாக நானே போய் நிற்பேன். அப்போது மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆதித் திருச்சபையின் பெண் புனிதர்களைப் பற்றி நாலு புத்தகம் வாசித்திருந்தேன். (அதில் இரண்டைப் பாதியிலேயே மூடிவிட்டேன், அது வேறு விஷயம்.) ரோமாபுரியில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் மாதிரி பேசிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா இல்லாத என்னை வளர்த்தது லூசி அத்தை, அப்பாவின் அக்கா. கொட்டிவாக்கம் குப்பத்தில் வீடு, திருவான்மியூர் மார்க்கெட்டில் மீன் வியாபாரம். நான் எம்.ஏ. வரை வந்ததே அந்த மீன் கூடையின் தயவில்தான். அந்த வருஷம் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. கையில் இருப்பது வவ்வால் மீனா சங்கரா மீனா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்வாள். ஆபரேஷன் செய்தால் இரண்டு கண்ணும் பழையபடி தெரியும் என்று அடையாறில் டாக்டர் சொல்லியும் அத்தைக்கு பயம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். கண்ணுக்குப் பாதுகாவலி புனித லூசியம்மாள். படங்களில் தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பாள். டிசம்பரில் அவள் திருநாளன்று ஒரு ஜோடி வெள்ளிக் கண் காணிக்கை. அதன் பிறகுதான் ஆபரேஷன்.

"நீதான் லூசியம்மா வேஷம் கட்டணும். தட்டுல என் வெள்ளிக் கண்ணை வெச்சிக்கினு கோயிலை ஒரு சுத்து சுத்து. பீடத்துல வெச்சிடு. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்" என்றாள்.

இவ்வளவுதான் வேலை. இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் துப்பில்லை எனக்கு.

ஊர்வலத்துக்கு நானே டைரக்டர். அத்தை மகன் சேவியர் அண்ணனின் மீன்பாடி வண்டியில் காகிதப் பூ சுற்றி நான்கு புனிதைகளை ஏற்றினேன். படங்களில் உள்ளபடி ஒவ்வொருத்திக்கும் ஓர் அடையாளம்: இன்னேசம்மாள் மடியில் நிஜ ஆட்டுக்குட்டி. கத்தரீனம்மாளுக்கு சைக்கிள் சக்கரம். செசிலியம்மாளுக்குக் கோயில் கீபோர்டு. நாலாவது நான். வெள்ளிக் கண்களைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். பழைய சட்டைப் பித்தான் மாதிரி தட்டையாக இருந்தன. ஆட்டுக்குட்டி நிஜம், கண் மட்டும் பொம்மையா? என் கலை உள்ளம் (அப்படி ஒன்று இருப்பதாக அப்போது நினைப்பு) ஒப்பவில்லை. காலையில் வந்திருந்த பெரிய சூரை மீனின் கண்கள் இரண்டையும் தோண்டித் தட்டில் வைத்தேன். வெள்ளிக் கண்களைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பீடத்துக்கிட்டே போனதும் மாற்றிவிட்டால் போச்சு, அத்தைக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஊர்வலத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். "அந்தக் காலத்துல புனிதர் பட்டத்துக்கு விசாரணை கிடையாது, போப்பாண்டவர் கையெழுத்து கிடையாது! சனங்க கல்லறைக்குப் போய் விளக்கு ஏத்தி, 'இவங்க புனிதை'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். சனங்க வாக்குதான் தீர்ப்பு!" கைதட்டல் பறந்தது. எல்லாரையும் விட அதிகமாகத் தட்டியது அத்தைதான்.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் சேவியர் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டெல்லா, பின்னால பாரு, பூனைங்கல்லாம் ஜெபமாலை சொல்லிக்கினு வருது!"

நான் பார்க்கவில்லை. புனிதை என்றால் முகம் வானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அப்படி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தும், பக்கவாட்டில் வந்த காக்கை என் கண்ணில் படவில்லை. தட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம். குனிந்தால் ஒரு கண்தான் இருந்தது. நான் போட்ட கூச்சலில் ஆட்டுக்குட்டி கீபோர்டில் பாய்ந்து தானாக ஒரு கீர்த்தனை வாசித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இன்னா ஆச்சு? யாருனா சொல்லுங்கடி!" என்று அத்தை கூட்டத்தில் துழாவினாள்.

"லூசிக்கா, உன் கண்ணைக் காக்கா தூக்கினு போய்ட்சு!" என்றது ஒரு குரல்.

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டியிலிருந்து குதித்து ஓடிப் போய், வெள்ளிக் கண்களை அவள் கையில் வைத்து அழுத்தினேன். "போனது மீன் கண்ணு அத்தை. உன்னோடது பத்திரமா கீது, பாரு."

அத்தை அவற்றை விரலால் தடவினாள். "அப்போ நான் வேண்டிக்கினது தட்டுல ஏறவே இல்லியா?"



சாயங்காலம் டீக்கடையில் பஞ்சாயத்து. போனது இடது கண்ணா, வலது கண்ணா? நம் பக்கத்திலிருந்து பார்த்தா, லூசியம்மா பக்கத்திலிருந்து பார்த்தா? கடைசியில், மீன் கண்ணானாலும் தட்டில் ஏறியது அத்தையின் வேண்டுதலுக்குத்தான், அதனால் அத்தையின் இடது கண்ணை அம்மாவே காணிக்கையாக எடுத்துக்கொண்டாள் என்று ஊர் முடிவு செய்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அத்தை, "வலது மட்டும் பண்ணுங்க டாக்டர். இடது போய்ட்சு" என்றாள். டாக்டர் சொன்னார், பங்குச் சாமியார் சொன்னார், நான் காலில் விழுந்து அழுதேன்.

"நீதானேடி மைக்குல சொன்ன, சனங்க வாக்குதான் தீர்ப்புன்னு? சனங்க சொல்லிட்சு. அம்மா எடுத்ததைத் திருப்பிக் கேக்க மாட்டேன்."

வலது கண் பளிச்சென்று வந்தது. இடது கண் கொஞ்சம் கொஞ்சமாக மொத்தமும் இருட்டிவிட்டது.

இன்றைக்கு அத்தை என்னோடுதான் இருக்கிறாள். மொட்டை மாடியில் காக்கை கத்தினால், என் மகள் உட்பட வீடே கேட்கும்: "அத்தை கண்ணுக்குச் சோறு வெச்சியா?" தினமும் வைக்கிறேன். ('உங்கள்லயும் இது உண்டா?' என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டு ஓய்ந்துவிட்டார்.) எல்லாரும் சிரிப்பார்கள், அத்தைதான் முதலில் சிரிப்பாள்.

வெளியே போனால் நான் அவளுக்கு இடது பக்கமாகவே நடப்பேன், வண்டி எதுவும் இடித்துவிடக் கூடாதே என்று. போன வாரம் கடற்கரையில் மெதுவாகக் கேட்டேன்: "என் மேல கோவமா அத்தை?"

"கோவம் இன்னாடி? அந்தக் கண்ணு எங்கனா பறந்துகினு ஊரைப் பாத்துகினு கீது." பிறகு என் பக்கம் கையை நீட்டித் துழாவினாள். "ஆனா நீ எப்பப் பாரு இந்தப் பக்கமே நிக்கிறியே. உன் மூஞ்சைப் பாத்து எவ்ளோ நாளாச்சு!"