எண்ணை இறக்கும் சாமி

நாட்றம்பள்ளி ரோட்டில் அன்று பஸ்ஸே ஊர்ந்துதான் போனது. அவ்வளவு கூட்டம்! ஆளுக்கொரு ரத்த ரிப்போர்ட். பஞ்சாட்சர சாமி அதன்மேல் விபூதி போட்டால் அடுத்த ரிப்போர்ட்டில் எண் இறங்கிவிடுமாம். இவர் எலுமிச்சம்பழச் சாமியார் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருடத்து நவீனச் சாமியார்.

வரிசையில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் கமலவேணியும் மகள் பூரணியும் நின்றார்கள். ஆறு மாதம் முன்பு பூரணிக்குத் தொண்டை வலி, பிறகு காய்ச்சல், மூட்டு வீக்கம். ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. என்கிற எண் எண்ணூறு.

"தொண்டைக் கிருமி வந்துபோன அடையாளம்மா அது. எண் தானா இறங்கிடும்," என்றார் டாக்டர். "ஆனா காய்ச்சல் இவ இதயத்தைத் தொட்டிருக்கு. எண் இறங்கினாலும், கிருமி திரும்ப வராம இருக்க மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டே ஆகணும்."

இப்போது எண் நானூறு. "எறங்கிடுச்சி இல்ல? ஊசிய நிறுத்து," என்று போன வாரம் சாமி உத்தரவு போட்டுவிட்டார். இன்று ஊசி நாள். கமலவேணிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹானிடம் புலம்பினாள்.

"எங்க பையன் குர்ஷித்துக்கும் அதே மாசம் தொண்டை வலி, அதே எண்ணூறு. நல்லவேளை, இதயம் கெடல," என்றாள் ரஃபத். "இப்ப இருநூறு. நாங்க எந்தச் சாமியாண்ட போனோம்? தானா கம்மி ஆய்டுச்சிக்கா."

கமலவேணிக்குச் சுருக்கென்றது. ஷாப்பில் புது மருந்து வந்தால் தோலை முதுகோடு இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் அதில் போடுவார்கள். பழைய மருந்தில் போட்ட மறு பாதியும் அதே மாதிரி வந்தால் மருந்துக்கு என்ன பெருமை?

குர்ஷித்தின் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டுதான் வரிசைக்கு வந்திருந்தாள். அவள் முறை வந்தது. பெயர் தெரியாமல் மடித்த இரண்டு ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"சாமி, இதுல நீங்க எறக்குனது எது?"

சாமி கண்ணை மூடினார். ஒரு கண்ணை மட்டும்.

"இந்த இருநூறு! என் விபூதி மகிமை. அந்த நானூறு நம்பிக்கையில்லாத ரத்தம்."

கமலவேணி மடிப்பைப் பிரித்தாள். "நானூறு என் பொண்ணுது. ஆறு மாசமா உங்க விபூதிதான். இருநூறு ரஃபத் மகனுது. அவன் உங்க மூஞ்சியே பாத்ததில்ல."

சாமி குடிக்கத் தண்ணீர் கேட்டார். கிடைக்கவில்லை. எழுந்தார். காவி வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாயம்! அவர் உட்கார்ந்திருந்த 'மான்தோல்' சாயம் பூசிய ஆட்டுத்தோல். இருபது வருடம் தோலில் புழங்கிய கமலவேணிக்கே அது இன்றுதான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. இவர் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்தியிருந்தால் என்று நினைக்க, அதைவிடப் பயமாக இருந்தது.

"ஊசியாம்மா?" என்று பூரணி சிணுங்கினாள்.

"ஊசிதான்டி. நட."

போகிறபோது கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆட்டுத்தோல் வாங்கினா கூட நாலு தரம் திருப்பிப் பாக்குறோம். சாமிய ஒரு தரமாவது திருப்பிப் பாத்தோமா?"