ததேயுஸ் மாட்டிய நாலாவது சிரட்டை

மனைவி டெல்சியைச் சண்டை போடாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது என்று ததேயுஸ் முடிவு செய்தார். சண்டை போட்டுப் பார்த்தாயிற்று, தோற்றும் ஆயிற்று. இனி விஞ்ஞானம்தான் வழி.

டெல்சி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். காலைப் பூசைக்குப் போய் வந்து, சாயா போட்டு, மீன் வெட்டிக் கழுவி, கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றித் தீயைக் குறைத்து வைத்தால் அவள் வேலை முடிந்தது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஷிஜி வீட்டு முன்திண்ணையான சிட்டவுட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே ஷிஜி, ஸ்மிதா, சிந்தியா என்று ஒரு சபை. இனயம் என்கிற அந்தக் கடற்கரை ஊரில் இன்று யார் வீட்டில் என்ன கறி என்பதிலிருந்து, யார் மகன் எந்த நாட்டில் எந்தப் பெண்ணைப் பார்க்கிறான் என்பது வரை அங்கேதான் தீர்ப்பாகும். மேல்முறையீடு கிடையாது.

ததேயுஸ் கல்ஃபில் பெரிய பெரிய கட்டடங்களில் தீ அலாரங்களைப் பராமரித்தவர். தலைமுடி முழுக்கப் போகும்வரை அதே வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் டெல்சி அவரை விட்டு இம்மியும் நகரமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்தார். லீவுக்கு வருகிற புருஷன் வேறு, ஒரேயடியாக வந்துவிட்ட புருஷன் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகன் பெனினுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் டி.வி.யும் அவரும்தான். ஏர்போர்ட்டில் யாரும் எடுக்காமல் சுற்றிச் சுற்றி வரும் பெட்டி மாதிரி ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். உண்மையைச் சொன்னால், மனுஷனுக்குத் தனியாக இருக்க முடியவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அயிலை மீன் கறி அடிப்பிடித்த அன்று வழி பிறந்தது.

“ஏட்டி, கறி கரிஞ்சு கெடக்கு. வீட்டுல ஆளு இருந்தா இப்பிடி ஆவுமா?”

“வீட்டுல ஆளு இருந்துதே. நீங்க எங்க போனிய?”

“நான் ஹால்ல பேப்பர் வாசிச்சிட்டு இருந்தேன்.”

“மூக்கும் பேப்பருக்குள்ள இருந்துதோ?”

ததேயுஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். வரும்போது வாங்கி வந்த வயர்லெஸ் டிடெக்டர்கள் நாலு. மூன்று புகையைக் கண்டால் கத்துபவை, ஒன்று சூட்டைக் கண்டால் கத்துவது. வெள்ளை வெளேரென்று, கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை அளவில் இருந்தன. டெல்சி பார்த்ததுமே சிரட்டை என்று பெயர் வைத்துவிட்டாள். ஸ்மோக் டிடெக்டர், ஹீட் டிடெக்டர் என்று அவர் எத்தனை திருத்தியும் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

“அடுக்களைல சூடு பாக்கதத்தான் மாட்டணும்,” ஸ்டூலில் ஏறி நின்று பாடம் நடத்தினார். டிரில் போட்ட தூசி மீசையெல்லாம் படிந்திருந்தது. “புகை பாக்கத மாட்டுனா நீ மீன் பொரிக்கும்போதெல்லாம் நெலவிளிச்சுக் கத்தும். அது ஹால்லயும் படுக்குற முறிலயும் போதும். நாலுக்கும் வயர் கெடையாது. ஒண்ணு கத்துனா நாலும் கத்தும்.”

“நாலும் கத்துனா தீ எங்கன்னு எப்பிடித் தெரியும்?”

“கொள்ளாம், நல்ல கேள்வி. எதுல செவப்பு லைட்டு வெட்டி வெட்டி எரியுதோ, அங்கதான் தீ. மத்தது சத்தம் மட்டும் போடும்.”

“செரி. ஒண்ணு மிச்சம் இருக்கே.”

ததேயுஸ் தொண்டையைக் கனைத்தார். இத்தனை பாடும் அந்த ஒன்றுக்காகத்தானே. “அது ஷிஜி வீட்டு சிட்டவுட்டுக்கு. நீ அங்க இருக்கும்போ இஞ்ச தீ பிடிச்சா உனக்குத் தெரியாண்டாமா?”

டெல்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நல்ல யோசனைதான்,” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதைப் பார்த்தாவது அவர் உஷாராகியிருக்கலாம்.

ஷிஜியின் புருஷன் ஆன்ட்ரூஸ் அன்று கடலுக்குப் போகவில்லை. அவன்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, உங்க வீட்டு அக்காவுக்கு எங்க வீட்டுக் கூரைல மணியா?”

“மக்கா, இது உனக்கும் பாதுகாப்புதாம்ல.”

“எனக்க பாதுகாப்பு ஷிஜி கையில. இந்தச் சிரட்டை என்ன செய்யும்?”

சபை கூடியிருந்ததால் ததேயுஸ் கொஞ்சம் பிரசங்கமும் செய்தார். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பொய்ச் சத்தம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கவே கூடாது. அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லாம் கரிக்கட்டையாகப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் தூசி துடைத்து, நடுவில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். பட்டனைத் தொட்டும் காட்டினார். பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை கறி அடுப்பில் ஏறியது. டெல்சி பக்கத்து வீட்டில் இறங்கினாள். ததேயுஸ் படுக்கையறையில் குடையை எடுத்து, அதன் முனையால் கூரையில் இருந்த பட்டனை ஒரு குத்துக் குத்தினார். நாலும் சேர்ந்து அலறின. ஒரு காலில் செருப்பும் மறு காலில் மண்ணுமாக டெல்சி ஓடி வந்தாள்.

“எங்க தீ?”

“தீ ஒண்ணுமில்ல. டெஸ்ட்.”

“சனிக்கெழமைதான டெஸ்டுன்னு சொன்னிய?”

“புதுசில்லியா, பாக்கணும். வந்ததும் வந்த, ஒரு கட்டன் சாயா போடு. நீயும் ஒரு வாய் குடி.”

டெல்சி மூச்சு வாங்க உட்கார்ந்தாள். எதிரெதிரே இருந்து இரண்டு பேரும் கட்டன் சாயா குடித்தார்கள். பெனினின் கப்பல் எங்கே நிற்கிறது என்று பேசினார்கள். ததேயுஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே ஊர் திரும்பினார்.

அதற்கடுத்த நாள் கடற்காற்றின் உப்பு உள்ளே போய்விட்டதாம். அதற்கும் அடுத்த நாள் பல்லி. தினமும் ஒரு காரணம், தினமும் ஒரு குத்து, தினமும் ஒரு கட்டன். பல்லிக்குப் பிறகு எறும்பு வந்த அன்று டெல்சி கொஞ்சம் வேகமாக வந்துவிட்டாள். படுக்கையறை சிரட்டையில் சிவப்பு லைட் வெட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் குடை இருந்தது. வெளியே பொட்டு மழை இல்லை. டெல்சி லைட்டைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் சாயா போடப் போனாள். பேசாத டெல்சி எவ்வளவு ஆபத்து என்று எச்சரிக்க அவரிடம் எந்த டிடெக்டரும் இல்லை.

மறுநாள் அவர் பேப்பரோடு சோபாவில் சாய்ந்திருந்தபோது நாலும் அலறின. அவர் தொடவே இல்லை. துள்ளி எழுந்து ஹாலைப் பார்த்தார், லைட் வெட்டவில்லை. படுக்கையறையில் இல்லை. அடுக்களையில் இல்லை. அப்படியானால் ஷிஜி வீடு. சாரத்தை மடித்துக் கட்டி, வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரின் இடைவெளி வழியே ஓடினார். பாதித் தண்ணீர் அவர் மேலேயே கொட்டியது.

சிட்டவுட்டில் சபை அமைதியாக வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. டெல்சி ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“எங்கட்டி தீ?”

“தீ ஒண்ணுமில்ல. டெஸ்ட். வந்ததும் வந்திய, அப்பிடியே போயி கறிய கரண்டியால ஒண்ணு எளக்கி விடுங்க. அடிப்பிடிச்சிரப்பிடாது.”

“வெளையாடாத. இனிமே அடிச்சா நான் வரமாட்டேன்.”

“பொய்ச் சத்தம்னு உக்காந்திருந்தா கரிக்கட்டையாப் போவாங்கன்னு சொன்னது ஆரு?” என்று கேட்டாள் ஷிஜி. சிந்தியா பூண்டை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வருவதில்லை என்று அவர் சத்தியமே செய்தார். சத்தியம் செய்தது வாய்தான். கால்கள் கல்ஃபில் பழகியவை. அடுத்த நாள் சத்தம் கேட்டதும் அவரைக் கேட்காமலே எழுந்து ஓடின. ஒருவேளை நிஜமாகவே தீயாக இருந்தால் என்ன செய்வது? அப்படி நினைக்கப் பழகியவன் எப்படி உட்கார்ந்திருப்பான். சில நாட்களில் டெல்சி ஒரு முறையும் வகுத்துவிட்டாள். ஒரு தடவை அடித்தால் கறியை இளக்க வேண்டும். இரண்டு தடவை என்றால் அரைத்த தேங்காயை ஊற்ற வேண்டும். மூன்று என்றால் சட்டியை இறக்கிவிட்டு, கவிழ்த்து வடித்த சோற்றுப் பானையை நிமிர்த்த வேண்டும். இனயத்தில் ரிமோட்டில் சமைத்த முதல் மீன் கறி அதுவாகத்தான் இருக்கும். கறி நன்றாக இருந்ததுதான் அவருக்கு இன்னும் அவமானம்.

சனிக்கிழமை வந்ததும் ஸ்டூலையும் ஸ்க்ரூடிரைவரையும் தூக்கிக்கொண்டு ஷிஜி வீட்டுக்குப் போனார். சபை இன்னும் கூடவில்லை. டெல்சி மட்டும் இருந்தாள்.

“பேட்டரி கோளாறு. கழத்தணும்.”

“பேட்டரி பத்து வருசம் தாங்கும்னு நீங்கதான சொன்னிய?”

ததேயுஸ் ஸ்டூலில் ஏறி நின்றார். ஏறியவருக்கு இறங்கவும் தெரியவில்லை, பொய் சொல்லவும் தெரியவில்லை. “ஏட்டி டெல்சி,” என்றார் மெல்ல. “தீக்கும் புகைக்குமா நான் இத மாட்டுனேன்? நீ வீட்டுல இருக்கணும்னுதான் மாட்டுனேன். இத்தன வருசம் அங்க தனியாக் கெடந்தேன். இஞ்ச வந்தும் தனியாக் கெடக்கணுமா?”

டெல்சி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது; அது நடிப்பில்லை. “இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா கூரைல ஓட்டை போட்டிருக்காண்டாமே. நாளைலேந்து நான் வீட்ட விட்டு எறங்கல்ல. போதுமா?”

ஜெயித்துவிட்டேன் என்று ததேயுஸுக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. நாலாவது சிரட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

சொன்னபடியே மறுநாள் டெல்சி கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாலில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பேசலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஷிஜி வந்தாள். பின்னாலேயே ஸ்மிதாவும் சிந்தியாவும், பூண்டு உரிக்கும் முறத்தோடு.

“அக்கா வரல்லேல்லா, அதான் நாங்க வந்தோம்,” என்றாள் ஷிஜி.

“வாங்க மக்களே, இரிங்க,” என்றாள் டெல்சி. “பெனினுக்க அப்பாவுக்குத் தனியா இருந்தா வெப்ராளமா இருக்காம். நாலு பேரு பேசிட்டிருந்தா அவியளுக்கும் சந்தோசம்.”

சபை சோபாவில் பரந்து உட்கார்ந்தது. ததேயுஸ் ஓரத்துக்கு நகர்ந்தார், பிறகு ஓரத்தின் ஓரத்துக்கு நகர்ந்தார். அடுக்களையிலிருந்து கறி கொதிக்கும் மணம் வந்தது. ஒரு சிரட்டையும் அலறவில்லை. டெல்சி பேச்சை நிறுத்தாமல் அவர் பக்கம் தலையை மட்டும் திருப்பினாள்.

ததேயுஸ் எழுந்து அடுக்களைக்குப் போனார்.

“மணியே அடிக்கல்லியே, பொறவு எப்பிடி எந்திரிச்சாரு?” என்று கேட்டாள் ஸ்மிதா.

“டெஸ்டெல்லாம் முடிஞ்சாச்சு,” என்றாள் டெல்சி. “இனி பேட்டரி இல்லாமலே ஓடுவாரு.”