சின்னத் தொரை தலையில் கவ்வாத்து

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். மிச்சமிருப்பது மூன்றுதான். மூன்றின் மேலும் சத்தியம்!

அன்றைக்கு எனக்கிருந்த வேலை, ஒரு வெள்ளைக்காரரிடம் இங்கிலீஸில் ஒரே ஒரு வாக்கியம் பேசுவது.

வேலை கொடுத்தவன் என் மனைவியின் அண்ணன் வீராசாமி. கொட்டகலை பஜாரில் சலூன் வைத்திருந்தான். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஐந்து மகள்கள். கத்தி பிடித்தால் கை நடுங்காது. மகள்கள் பேச்சை எடுத்தால் குரல் நடுங்கும்.

மூத்தவளுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை. தங்கமான பையன். ஆனால் லயத்து வரிசை வீட்டில் அவர்களுக்கு ஒரே காம்பிரா, ஒற்றை அறை, அதற்குள் ஒன்பது பேர். அடுத்த காம்பிரா பூட்டிக் கிடந்தது.

"அது கெடைச்சாத்தான் கல்யாணம். எம் மகளைப் பத்தாவது ஆளா படுக்க வைக்க மாட்டேன்" என்று வீராசாமி அடித்துச் சொல்லிவிட்டான்.

அதைக் கொடுக்க வேண்டியவர் சின்னத் தொரை. கப்பலை விட்டிறங்கி இரண்டு மாதம். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்: பெரட்டு, கொழுந்து, கவ்வாத்து. பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. கவ்வாத்து என்றால், தளதளவென்று நிற்கிற தேயிலையைக் குச்சி குச்சியாக வெட்டி நிறுத்துவது.

அந்தச் சனிக்கிழமை கிளப்பில் டான்ஸ். முடி வெட்ட வீராசாமியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டிருந்தார். வெட்டி முடித்ததும் தொரை குளிர்ந்து போயிருப்பார், அந்த நேரம் பார்த்து நான் காம்பிராவைக் கேட்டுவிட வேண்டும். இதுதான் திட்டம்.

எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்தவனும் நான்தான். எல்லாம் பால் டின்னையும் பிஸ்கட் டின்னையும் எழுத்துக் கூட்டிப் படித்த இங்கிலீஸ்.

தொரை வராந்தாவில் உட்கார்ந்தார். தலை நிறையச் சோளக்கதிர் நிறத்தில் சுருள் முடி. அதைத் தடவிக் காட்டி, விரலை ஆட்டி, அரை நிமிஷம் ஏதோ பேசினார். நான் தலையாட்டினேன்.

"என்னடா சொல்றாரு?" என்றான் வீராசாமி.

அந்த வெள்ளத்தில் எனக்குத் தட்டுப்பட்டது ஒரே ஒரு சொல்.

"கவ்வாத்து வெட்டச் சொல்றாரு."

"டான்ஸுக்குப் போற மனுசனுக்கா?"

"சீமையில இப்ப அதான் நாகரிகம்."

வீராசாமியின் அப்பா கவ்வாத்துக்காரர். ரத்தத்திலேயே வேலை இருந்தது. தொரை பேப்பர் படித்து முடிப்பதற்குள் தலையை மட்டம் பார்த்து, காட்டுக் குச்சி மாதிரி நிறுத்திவிட்டான். விழுந்த முடியில் இரண்டு தலையணை அடைத்திருக்கலாம்.

கண்ணாடியை நீட்டினான். இதுதான் சமயம் என்று நானும் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "சார், ஒன் ரூம் ப்ளீஸ்."

தொரை போட்ட சத்தத்தில், ஸ்டேஷனில் நின்ற ரயில் பச்சைக் கொடி காட்டாமலே கிளம்பிவிட்டது.

ஆபீஸிலிருந்து பெரிய கிளாக்கர் ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தொரையிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கவ்வாத்துப் பண்ணிப் போடாதை, நுனிக் கொழுந்தை மட்டும் எடு எண்டல்லோ அவர் சொன்னவர். உமக்கு ஆர் இங்கிலீஸ் படிப்பிச்சது?"

பால் டின் என்று சொல்லவா முடியும்?

வீராசாமி என்னைத் திட்டக்கூட இல்லை. கையைக் கூப்பி, கிளாக்கர் மூலமாகக் காம்பிராவைக் கேட்டான். தொரை தொப்பியை எடுத்துக் காது மூட மாட்டிக்கொண்டு இரண்டே வார்த்தை பேசினார்.

"தருவாராம்" என்றார் கிளாக்கர். "முடி வளந்த பிறகு."

ஒன்பது பேர் ஒரு காம்பிராவில் முடங்குவதை அவர் தாங்கிக்கொண்டார். தொப்பிக்குள் ஒரு தலை முடங்குவதைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணம் தள்ளிப் போனது. ஞாயிறு தவறாமல் வீராசாமி ரோட்டோரம் நின்று தொரையின் பிடரியைப் பார்த்துவிட்டு வருவான். அவன் பொஞ்சாதி மாரியம்மன் கோயிலில் வெள்ளைக்காரன் மயிருக்காக விளக்குப் போட்டாள். நான்காவது மாதம் சாவி வந்தது. அந்த வாரமே தாலி கட்டியாயிற்று.

வீராசாமி ஐந்து பேரையும் கரையேற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். மூச்சு நிற்கிற வரைக்கும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவன் கட்டிவிட்ட கதையை நம்பி, சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் திட்டித் தீர்ப்பது, ஹட்டனிலிருந்து வந்து தப்பாக மொழிபெயர்த்த எவனோ ஒருவனை.

நீங்கள் திருத்தப் போகாதீர்கள். வருகிற மாதம் அந்த வீட்டில் பேரன் கல்யாணம், எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. பந்தியில் பாயாசம் வருகிற வரைக்குமாவது, இதை யார் சொன்னதென்று மூச்சு விடாதீர்கள்.